வக்காலத்து யாருக்காக?

வக்கீல் என்ற சொல் நம் வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைவது நீதிமன்றத்தின் வழியாக அன்று. நிக்காஹ் பந்தலின் வழியாக. மணமகள் உள்ளறையில் அமர்ந்திருக்க, அவளுடைய சம்மதத்தைக் கேட்டு வந்து, சபையில் அவளுக்காக வாய் திறப்பவரை வக்கீல் என்று அழைப்பதை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். அரபுச் சொல் அது. ஒருவர் தம் காரியத்தை நம்பி ஒப்படைக்க, அந்த ஒப்படைப்பை ஏற்றுக்கொண்டவர் என்பது பொருள். பிறகு அச்சொல் பாரசீகத்தின் வழியாக அரசாங்க மொழியில் கலந்து, முத்திரைத்தாளில் வக்காலத்தாக ஏறி, கறுப்பு அங்கி அணிந்து, கட்டணமும் பெற்றுக்கொள்ளத் தொடங்கிற்று. உடை மாறினாலும் உள்ளே இருக்கும் பொருள் மாறவில்லை. வாய் ஒருவருடையது, காரியம் மற்றொருவருடையது.

பிறருக்காகப் பேசும் வாய்க்கு அறப் பொறுப்பு உண்டா? “நான் என் கட்சிக்காரரின் குரலாக மட்டுமே நின்றேன், விளைவுக்கு நான் பொறுப்பாளி அல்லன்” என்று ஒரு வழக்கறிஞர் சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாமா? அதே மனிதர் பின்னொரு நாள் மாநிலத்தின் சட்டமன்றத்துக்கும், அதன்பின் நாட்டின் பேரவைக்கும் செல்வாரானால், அங்கே அவர் யாருக்கு வக்கீல்? தமக்கு வாக்களித்தவர்களுக்கு மட்டுந்தானா, வாக்கே இல்லாதவர்களுக்குமா? இவற்றைப் பொதுப்படையாகப் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும். ஒரு மனிதரின் வாழ்க்கையில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

அதற்கு முன் ஒன்று. என் தாய்வழி உறவினர் ஒருவர் முன்சீப் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக நெடுங்காலம் இருந்தவர். தீர்ப்பு நாளன்று வென்ற கட்சிக்காரரோடு வெளியே வரும்போது, தோற்றவர் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுதான் தொழிலின் முதல் பாடம் என்பார். நாங்கள் சிறுவர்களாயிருந்தபோது இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். முதுமையில் சொன்னபோது அந்தச் சிரிப்பு இல்லை. பின்வரும் மனிதரின் வரலாற்றைப் படிக்குந்தோறும் எனக்கு அந்த முதியவரின் நினைவு வருகிறது.

தாடியஸ் ஸ்டீவன்ஸ் 1792-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள், அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள வெர்மான்ட் மாநிலத்தில், டான்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தது. ஆயுள் முழுவதும் அவர் நொண்டியே நடந்தார். தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் சாரா, பிள்ளைகளை வளர்க்கும் பாரத்தைத் தனியாகச் சுமந்தாள். இந்தப் பிள்ளையால் கலப்பை பிடிக்க முடியாது, ஆகவே படிக்க வைத்தே தீரவேண்டும் என்று உறுதி கொண்ட அந்தத் தாய், பள்ளிக்கூடம் இருந்த பீச்சம் என்னும் ஊருக்குக் குடும்பத்தையே பெயர்த்துச் சென்றாள். மகன் 1814-இல் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் பெற்றான். பிறகு பென்சில்வேனியா மாநிலத்துக்கு வந்து, பள்ளியாசிரியனாக இருந்துகொண்டே சட்டம் படித்து, 1816-இல் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் வழக்கறிஞர் பலகையை மாட்டினான். பின்னாளில் பெரும்போர் நடந்து உலகப் புகழ் பெற்ற கெட்டிஸ்பர்க் அப்போது ஒரு சின்னஞ்சிறு ஊர்.

அந்த ஊரிலிருந்து தெற்கே சில மைல் சென்றால் மேரிலாண்ட் மாநிலத்தின் எல்லை. அது வெறும் நில எல்லையன்று. அந்தப் பக்கம் மனிதனை மனிதன் விலைக்கு வாங்கலாம். இந்தப் பக்கம் அடிமைமுறை மெல்ல மெல்ல ஒழிந்துகொண்டிருந்தது. பென்சில்வேனியா 1780-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றியிருந்தது. வெளி மாநிலத்தார் தம் அடிமையை அங்கே கொண்டுவந்து ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அந்த அடிமை விடுதலை பெற்றுவிடுவார் என்பது அச்சட்டத்தின் ஒரு விதி. நல்ல விதிதான். ஆனால் விதி எழுதியவர்களைவிட அதைக் கடந்து செல்ல நினைப்பவர்கள் எப்போதும் ஓரடி முன்னே நிற்பார்கள். பிலடெல்பியா தலைநகராயிருந்த 1790-களில் நாட்டின் முதல் ஜனாதிபதியான வாஷிங்டனே, ஆறு மாதம் நிறைவதற்குள் தம் அடிமைகளை மாநிலத்துக்கு வெளியே அனுப்பித் திரும்ப வரவழைத்துக்கொண்டார் என்பது வரலாறு. விடுதலைப் போர் நடத்திய தளபதி, சமையற்காரனுடைய விடுதலைக்கு நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்!

இந்த ஆறு மாதக் கணக்கின் மேல்தான் சாரிட்டி பட்லர் என்ற பெண்ணின் வழக்கும் எழுந்தது. மேரிலாண்டில் நார்மன் புரூஸ் என்பவருக்கு உடைமையாகக் கருதப்பட்டவள் அவள். வேலையின் நிமித்தம் பென்சில்வேனியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டுப் பல தடவைகள் அங்கே தங்கியவள். அந்தத் தங்கல்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதம் நிறைந்துவிட்டது. எனவே நான் சுதந்திரமானவள், என் பிள்ளைகளும் சுதந்திரமானவர்கள் என்பது அவளுடைய கோரிக்கை. வழக்கு பென்சில்வேனியாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1821-இல் தீர்ப்பாயிற்று. விட்டு விட்டுத் தங்கிய நாட்களைக் கூட்டிக்கொள்ள முடியாது, ஆறு மாதமும் இடையறாது தொடர்ந்திருக்க வேண்டும் என்று வாதம் வைக்கப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்றது. சாரிட்டியும் பிள்ளைகளும் அடிமைகளே என்று ஆயிற்று.

அந்த வாதத்தை எஜமானனுக்காக நின்று வைத்தவர், இருபத்தொன்பது வயது வழக்கறிஞர் தாடியஸ் ஸ்டீவன்ஸ்.

பிற்காலத்தில் அமெரிக்காவில் அடிமைகளின் விடுதலைக்கும் சம உரிமைக்கும் அவரைவிட உரக்கக் குரல் கொடுத்த சட்டமன்றவாதி எவருமில்லை என்று சொல்லத்தக்க மனிதர் அவர். அவருடைய தொழில் வாழ்க்கையின் தொடக்கத்தில் இப்படி ஒரு வெற்றி கிடக்கிறது. அவரைப் போற்றுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டும்போது சற்று வேகமாகப் புரட்டுகிறார்கள். தூற்றுகிறவர்கள் இதிலேயே நின்றுவிடுகிறார்கள். நாம் இரண்டையும் செய்ய வேண்டியதில்லை.

ஸ்டீவன்ஸுக்காகச் சொல்லக்கூடிய வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எந்த வழக்காளிக்கும் வழக்கறிஞர் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு வழக்கறிஞரும் தம் அறையில் உட்கார்ந்துகொண்டு நீதி எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால், நீதிமன்றத்துக்கு என்ன வேலை? ஊரே வெறுக்கும் ஏழைக்குக் கடைசியில் எவரும் பேச வரமாட்டார்கள். மேலும், சட்டத்தின் சொற்களுக்கு இந்தப் பொருள்தான் என்று வாதிட்டாரேயன்றி, அவர் பொய் சாட்சி எதையும் கொண்டுவந்து நிறுத்தவில்லை. ஏற்பதும் மறுப்பதும் நீதிபதிகளின் கையில் இருந்தது.

இவ்வளவும் சரி. ஆயினும் என் மனம் இதில் அமைதி கொள்ளவில்லை. தண்டனையிலிருந்து ஒரு மனிதனைக் காக்க நிற்பது ஒன்று. இன்னொரு மனிதனின் கையில் விலங்கு பூட்டுவதற்குத் தன் அறிவைக் கடனாகக் கொடுப்பது மற்றொன்று. கொலைக் குற்றவாளிக்காக வாதாடுகிறவர் தோற்றாலும் வென்றாலும், எதிரே இருப்பது அரசாங்கம். அதற்கு வலிமை உண்டு. சாரிட்டியின் வழக்கில் எதிரே இருந்தவள் ஒரு தாய். புரூஸுக்கு ஸ்டீவன்ஸ் இல்லாவிட்டால் வேறொருவர் கிடைத்திருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘நான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்வார்’ என்ற சமாதானத்தைக் கொண்டு நியாயப்படுத்த முடியாத தீமை உலகில் எது?

அந்த வழக்குதான் அவரை மாற்றியது என்று சிலர் எழுதுவதுண்டு. அவ்வளவு துணிந்து சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனிதனின் உள்ளம் தீர்ப்பு நகல் போலத் தேதியிட்டு வருவதன்று. ஆனால் தேதிகள் சிலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தீர்ப்பு வந்தது 1821. இரண்டே ஆண்டுகளில், 1823 ஜூலை 4-ஆம் நாள் சுதந்திர தின விருந்தில் அவர் எழுந்து ஒரு வாழ்த்துச் சொன்னார். அடுத்த ஜனாதிபதியாக வருபவர் எந்த அடிமையின் கையிலும் விலங்கு பூட்டாதவராக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அதைச் சொன்ன நாவு எது என்பதை அவர் மறந்திருப்பாரா? சட்டப் புத்தகங்கள் வாங்கச் சேர்த்த பணத்தோடு பயணம் போனவர், வழியில் விற்பனைக்கு நின்ற ஓர் அடிமையை அந்தப் பணத்தைக் கொடுத்து விடுவித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதையின் விவரங்கள் சொல்பவருக்கு ஏற்ப மாறுகின்றன. ஓடிவந்த அடிமைகளுக்காக அவர் பிற்காலத்தில் வழக்காடினார் என்பது மட்டும் கதையன்று.

1833-இல் அவர் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஃபிரீமேசன் என்னும் இரகசியச் சங்கத்தை எதிர்ப்பதையே கொள்கையாகக் கொண்ட ஒரு கட்சியின் சார்பில் போனவர். அந்த எதிர்ப்பில் அவர் காட்டிய வேகம் சில சமயம் வேட்டை நாயின் வேகமாக இருந்தது. அதை விட்டுவிடுவோம். அவருடைய பெயரைப் பென்சில்வேனியாவின் வீடுகளில் நிலைக்கச் செய்தது பள்ளிக்கூடச் சட்டம்.

அதற்கு முன் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி இல்லாமல் இல்லை. ஆனால் தந்தை முன்வந்து, ‘நான் ஏழை, கட்டணம் செலுத்த வக்கற்றவன்’ என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். 1809-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. மானமுள்ள எந்தத் தகப்பன் அந்தப் பட்டியலில் பெயர் எழுதுவான்? பிள்ளை எழுத்தறியாதவனாகவே வளரட்டும் என்று பலர் இருந்துவிட்டனர். 1834-இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பள்ளிகள் அமைக்கச் சட்டம் வந்தது. வரி கட்ட வேண்டுமே என்று ஊர் கொதித்தது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனுக்கள் குவிந்தன. சட்டத்தை ரத்து செய்ய வேண்டும் என்று மேலவை வாக்களித்தும் விட்டது. ஸ்டீவன்ஸின் சொந்த மாவட்டத்திலும் எதிர்ப்பு பலமாகவே இருந்தது.

1835 ஏப்ரல் 11-ஆம் நாள் அவர் எழுந்து பேசினார். பழைய முறைக்குத் திரும்புவதானால், ஏழைகளைச் சூடு போட்டு அடையாளப்படுத்தும் சட்டம் என்று அதற்குப் பெயர் வையுங்கள் என்று எள்ளினார். பிள்ளையில்லாதவன் பள்ளிக்கு ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்கிறீர்களே, குற்றமே செய்யாதவன் சிறைச்சாலைக்கு வரி கட்டவில்லையா என்று மடக்கினார். பேச்சு முடிந்தபோது சபையின் மனம் மாறியிருந்தது. ரத்து மசோதா தோற்றது. மேலவையும் இறங்கி வந்தது. பேச்சினால் வாக்குகள் மாறுவது சட்டமன்றங்களில் அபூர்வம் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த நாளின் பெருமை தெரியும். சட்டச் சொல்லின் இடுக்கில் புகுந்து ஒரு தாயைத் தோற்கடித்த அதே கூர்மை, இங்கே கட்டணம் எதுவும் இல்லாமல், மாநிலத்து ஏழைத் தாய்மார்கள் அனைவருக்காகவும் நின்றது. நொண்டிப் பிள்ளையைப் படிக்கவைக்க ஊர் பெயர்ந்து சென்றவள் அவர் நினைவில் இருந்திருக்க வேண்டும். பின்னாளில் வசதி வந்ததும் அவர் தம் தாய்க்கு ஒரு பண்ணையை வாங்கிக் கொடுத்தார்.

அவர் மக்கள் பிரதிநிதியின் கடமையை எப்படி விளங்கிக்கொண்டார் என்பதற்கு அடுத்த நிகழ்ச்சி இன்னும் தெளிவான சான்று. 1837-38-இல் பென்சில்வேனியாவின் அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுத ஒரு மாநாடு கூடிற்று. அதில் ஸ்டீவன்ஸும் உறுப்பினர். அதுவரை வாக்குரிமை விதியில் நிறத்தைப் பற்றிய சொல் இல்லை. புதிய வாசகத்தில் ‘வெள்ளையர்’ என்ற ஒரே ஒரு சொல்லைச் செருகினார்கள். அந்த ஒரு சொல்லால் மாநிலத்தின் சுதந்திரமான கறுப்பின மக்கள் வாக்கிழந்தார்கள். மாதக்கணக்கில் உழைத்து எழுதிய ஆவணத்தில் எல்லாரும் கையெழுத்திட்டபோது ஸ்டீவன்ஸ் கையெழுத்திட மறுத்தார். அதனால் அவருக்கு ஒரு வாக்கும் கூடுதலாகக் கிடைக்கப் போவதில்லை; யாருக்காக மறுத்தாரோ அவர்களிடம் வாக்கே இல்லை. கையெழுத்திடாத அந்த வெற்றிடத்தை அவருடைய பெரிய பேச்சுகள் பலவற்றைவிட நான் மேலாக மதிக்கிறேன். பறிபோன வாக்குரிமை 1870-இல் பதினைந்தாவது திருத்தம் வந்த பிறகே அங்கே திரும்பிற்று. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

1842-இல் லங்காஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்த அவர், 1849-இல் அமெரிக்கக் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றார். மறு ஆண்டே, ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. அதை அவர் கடுமையாக எதிர்த்தார். அச்சட்டத்தின்படி, பிடிபட்டவர் தம் விஷயத்தில் தாமே சாட்சி சொல்ல முடியாது. ஜூரி விசாரணையும் இல்லை. விசாரிக்கும் கமிஷனருக்கு, ஆளை எஜமானிடம் ஒப்படைத்தால் பத்து டாலர். விடுதலை செய்தால் ஐந்து டாலர். நீதிக்கு இரண்டு விலை எழுதி வைத்த சட்டம் அது.

அச்சட்டத்தின் முதல் பெரிய மோதல்களுள் ஒன்று அவருடைய மாவட்டத்திலேயே நடந்தது. 1851 செப்டம்பர் 11-ஆம் நாள், மேரிலாண்டிலிருந்து எட்வர்ட் கோர்சச் என்பவர் தப்பியோடிய தம் அடிமைகளைத் தேடிக்கொண்டு கிறிஸ்டியானா என்னும் சிற்றூருக்கு ஆட்களுடன் வந்தார். அங்கிருந்த கறுப்பின மக்கள் திரண்டு எதிர்த்தனர். கோர்சச் கொல்லப்பட்டார். காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளையரான ஆலைக்காரர், பிடிக்க உதவும்படி அதிகாரி கேட்டபோது மறுத்தவர். அவர் உள்ளிட்ட முப்பத்தெட்டுப் பேர் மீது தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. பிலடெல்பியாவில் விசாரணை நடந்தது. ஹான்வேக்காக நின்ற வழக்கறிஞர்களில் ஸ்டீவன்ஸ் ஒருவர். ஜூரிகள் கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, குற்றமில்லை என்றார்கள்.

மேலே சொன்ன வாதத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். வெறுக்கப்படுபவனுக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்ற தர்மம் அன்று ஹான்வேயைக் காத்தது. அதே தர்மத்தைச் சொல்லித்தான் முப்பது ஆண்டுகளுக்கு முன் புரூஸுக்கும் நின்றிருக்க முடியும். வாசகர்களில் ஒருவர், ‘ஒன்றை ஏற்று மற்றதை மறுப்பது நியாயமா?’ என்று என்னைக் கேட்கலாம். புரூஸுக்கு வழக்கறிஞர் இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவருக்காக நிற்க ஸ்டீவன்ஸ் கடமைப்பட்டிருக்கவில்லை என்றே சொல்கிறேன். வக்காலத்தை ஏற்பதற்கு முன்பு அவர் எந்தக் கட்டுக்கும் உட்படாத மனிதர். அந்தக் கணத்தில் எடுத்த முடிவு அவருடையது மட்டுமே. அதைத் தொழிலின் மேல் போட முடியாது.

கிறிஸ்டியானா வழக்கின் வெற்றி அரசியலில் அவருக்குக் கசந்தது. 1852-இல் கட்சி அவரை மறுபடி நிறுத்தவில்லை. 1859-இல், அறுபத்தேழை நெருங்கும் வயதில், குடியரசுக் கட்சியின் உறுப்பினராகத் திரும்பி வந்தார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் நிதிக்கு வழிகாணும் குழுவின் தலைவராக இருந்து, போரின் செலவுக்கெல்லாம் பணம் திரட்டியவர் அவரே. 1863-இல் தெற்குப் படையினர் அவருடைய இரும்பாலையைத் தேடிப்போய் எரித்தனர். அவர் தம் நஷ்டத்தைப் பெரிதாகப் பேசவில்லை.

1865 ஜனவரி 31-ஆம் நாள், அடிமைமுறையை ஒழிக்கும் பதின்மூன்றாவது திருத்தம் 119-க்கு 56 என்ற வாக்குகளில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. அடிமை விலங்கு அறுந்தது. ஆனால் விடுதலை பெற்றவன் குடிமகனா? அவனுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டா? இதற்கு விடையாக வந்தது பதினான்காவது திருத்தம். எந்த மாநிலமும் எந்த மனிதருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. அதை உருவாக்கிய கூட்டுக் குழுவில் பிரதிநிதிகள் சபையின் பக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் ஸ்டீவன்ஸ். இந்தச் சொற்றொடர் நமக்கும் அந்நியமானதன்று. இந்திய அரசியல் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் நிற்கும் ‘சட்டங்களின் சமமான பாதுகாப்பு’ அங்கிருந்து கடல் கடந்து வந்ததே.

எனினும் அந்தத் திருத்தம் அவர் விரும்பிய அளவுக்கு அமையவில்லை. கறுப்பின மக்களின் வாக்குரிமையை அது நேராக உறுதி செய்யவில்லை. 1866 ஜூன் மாதம் சபையில் அவர் பேசியபோது, பழைய கட்டடத்தின் அநீதியெல்லாம் இடிந்து போய் எல்லா மனிதரும் சமமாக நிற்கும் நாள் வரும் என்று தாம் கண்ட கனவு கலைந்துவிட்டதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். பிறகு ஏன் இதற்கு வாக்களிக்கிறீர்கள் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு, நான் வாழ்வது மனிதர்களிடையே, வானவர்களிடையே அன்று என்ற கருத்தில் விடை சொன்னார். 1838-இல் ஒரு சொல்லுக்காகக் கையெழுத்திட மறுத்தவர், 1866-இல் குறைபாடுள்ளது என்று தெரிந்தே வாக்களித்தார். இதை முரண்பாடு என்பாருண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்னது இருந்த உரிமையைப் பறித்தது. பின்னது இல்லாத உரிமையில் பாதியையாவது கொடுத்தது. எங்கே மறுக்க வேண்டும், எங்கே பாதியைப் பெற்றுக்கொண்டு மீதிக்குப் போராட வேண்டும் என்று அறிவது சட்டமன்றவாதியின் கலை. வழக்கு மன்றத்தில் அந்தக் கலைக்கு அவ்வளவு இடமில்லை. அங்கே வெற்றி, இல்லையேல் தோல்வி.

நிலத்தின் விஷயத்தில் அவர் தோற்றார். கலகம் செய்த பெரும் பண்ணையார்களின் நிலங்களைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வீதம் கொடுக்க வேண்டும் என்று 1865 முதல் வாதாடினார். உழுகிறவனுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாவிட்டால், அவன் பெற்ற விடுதலை பழைய எஜமானின் வாசலுக்கே அவனைத் திரும்ப அழைத்துச் செல்லும் என்பது அவர் கணக்கு. சொந்தக் கட்சியினரே கைவிட்டனர். தனிச் சொத்துரிமை என்ற சொல்லைக் கேட்டதும் சீர்திருத்தவாதிகள் பலர் பின்வாங்கினார்கள். தெற்கில் பிறகு நடந்தது அவர் அஞ்சியபடியே நடந்தது. வாரத்துக்கு உழுது, கடனில் மூழ்கி, தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பங்கள் அல்லற்பட்டன.

அவர் அப்பழுக்கற்றவர் என்று எண்ணிவிட வேண்டாம். சூதாட்டத்தில் பிரியமுள்ளவர். எதிரியைப் புண்படுத்தும் சொல் கிடைத்தால் அதை விழுங்கத் தெரியாதவர். ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவியிலிருந்து நீக்க 1868-இல் அவர் நடத்திய முயற்சியில் பழைய வழக்கறிஞர் மறுபடி தலைதூக்கினார். ஜான்சன் விடுதலை பெற்ற மக்களுக்குச் செய்த துரோகம் உண்மை. ஆனால் குற்றச்சாட்டு, அமைச்சரை நீக்கியது தொடர்பான ஒரு சட்ட நுணுக்கத்தின் மேல் கட்டப்பட்டது. பெரிய அநீதியைச் சிறிய கொக்கியில் மாட்டித் தூக்கப் பார்த்தார்கள். நடக்க இயலாத ஸ்டீவன்ஸை நாற்காலியில் வைத்துச் சுமந்து வந்தார்கள். செனட்டில் 35-க்கு 19. தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்குக் குறைந்தது.

இனி, தொடங்கிய கேள்விக்கே வருவோம். ஒரு தட்டில் சாரிட்டி பட்லரின் வழக்கு. மறு தட்டில் பள்ளிக்கூடங்கள், கையெழுத்து மறுப்பு, கிறிஸ்டியானா, இரண்டு திருத்தங்கள். கணக்கு நேராகிவிட்டதா? இலட்சக்கணக்கான மனிதர்களின் தலைவிதியை மாற்றியவருக்கு ஒரு குடும்பத்தின் தலைவிதி என்ன பெரிது என்று சொல்பவர்கள் உண்டு. நம் பெரியவர்கள் கணக்குப் பார்க்கும் முறை வேறு. இறைவனுக்குச் செய்ய வேண்டியதில் குறை வைத்தால் இறைவன் மன்னிக்கலாம். அடியானின் உரிமையில் கை வைத்தால் அந்த அடியானே மன்னிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கடன் வாங்கியது ஒருவரிடம், தானம் கொடுத்தது ஊருக்கெல்லாம் என்றால், தானம் தானந்தான், கடனும் கடன்தான். பதின்மூன்றாவது திருத்தம் வந்தது சாரிட்டி தோற்று நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. ஒரு பெண்ணின் வேலை செய்யக்கூடிய ஆயுள் ஏறத்தாழ அவ்வளவுதான்.

ஆகவே ஸ்டீவன்ஸின் பிற்கால வாழ்வைப் பரிகாரம் என்று அழைக்க எனக்குத் தயக்கம். வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஒருவேளை அவர் வெளியே வரும்போது தோற்றவர் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டாரோ என்னவோ. பார்த்த பிறகு கட்சிக்காரர் மாறிவிட்டார். அதன்பின் அவர் சபைகளில் எழுந்து பேசியபோதெல்லாம், முத்திரைத்தாளில் எழுதித் தராத, கட்டணம் கொடுக்க இயலாத, வாக்கும் போட முடியாத ஒரு பெருங்கூட்டத்தின் வக்காலத்து அவர் கையில் இருந்தது. அதை அவரிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. அமானிதம் என்று அவராகவே எடுத்துக்கொண்டார்.

பதினான்காவது திருத்தம் 1868 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்ட் 11-ஆம் நாள் இரவு வாஷிங்டனில் ஸ்டீவன்ஸ் இறந்தார். நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் அவருடைய உடலை வைத்தபோது, கறுப்பினப் படைவீரர்கள் காவல் நின்றனர். லங்காஸ்டரின் பெரிய இடுகாடுகளில் வெள்ளையருக்கு மட்டுமே இடமிருந்தது. அதனால் அவர் அவற்றை ஒதுக்கிவிட்டு, எல்லா நிறத்தாரையும் ஏற்றுக்கொண்ட ஒரு சிறிய இடுகாட்டை முன்பே தேர்ந்திருந்தார். தனிமையை விரும்பி இங்கே வரவில்லை, படைத்தவன் முன் மனிதர் யாவரும் சமம் என்று வாழ்நாளெல்லாம் சொன்னதைச் சாவிலும் காட்டவே வந்தேன் என்ற கருத்தைக் கல்லில் பொறிக்கச் செய்திருந்தார்.

அவருடைய உயில் தேர்ந்த வழக்கறிஞர் ஒருவரின் கையெழுத்து என்பது வரிக்கு வரி தெரியும். வெர்மான்டில் அடங்கியிருக்கும் தாயின் கல்லறையைப் பேணவும், ஒவ்வொரு வசந்தத்திலும் அங்கே மலர்ச்செடிகள் நடவும் பணம் ஒதுக்கியிருந்தார். லங்காஸ்டரில் அனாதைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் அமைய வேண்டும் என்றும் எழுதி வைத்தார். அது பிற்காலத்தில் தொழிற்பள்ளியாகி, இன்று அவர் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரியாக நடக்கிறது. அந்த இல்லத்தில் இனமோ நிறமோ பார்த்து எந்தப் பிள்ளையையும் தள்ளக் கூடாது. ஒரே வகுப்பில் உட்கார வைத்துப் படிப்பிக்க வேண்டும். ஒரே மேசையில் சோறு போட வேண்டும் என்று அவர் விதித்திருந்தார்.